மாதக் கூட்டமா, புத்தகத் திருவிழாவா? கரிசல் கிராமத்திலிருந்து எழுதுகிறவர்களுக்கு

எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமங்களில் இருந்துகொண்டு கதை எழுதுகிறவர்களுக்கு வாய்ப்பே இல்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. 2022க்குப் பிறகு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா வந்துவிட்டது. கோவில்பட்டியில் கரிசல் எழுத்தாளர் கி.ரா.வுக்கு (கி.ராஜநாராயணன்) அரசு நினைவரங்கம் கட்டியிருக்கிறது. செப்டம்பர் 11, டிசம்பர் 11 வந்தால் எட்டயபுரத்தில் பாரதி விழா. இதுபோக நூலக வாசகர் வட்டம், எழுத்தாளர் அமைப்புகளின் கிளைகள், போட்டி அறிவிப்புகள், ஜூமில் நடக்கும் பயிலரங்குகள். ஆனால் வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு எழுதுகிற ஒருத்திக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சினாலே பெரிய விஷயம். அதை எதற்குக் கொடுப்பது? நான் டவுன் நூலகத்தில், எழுதியதை வாசித்துப் பேசும் மாதக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புத்தகத் திருவிழாவின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே கூரையின் கீழ் பதிப்பகங்கள், பத்து சதவீதத் தள்ளுபடி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெரிய பேச்சாளர்கள். உள்ளூர் எழுத்தாளர்களுக்கென்று ஒரு மேசை ஒதுக்குகிற ஊர்களும் உண்டு. புத்தகம் போட்டு முடித்தவர்களுக்கு இது கட்டாயம் போக வேண்டிய இடம். பதிப்பாளரை நேரில் பார்த்துப் பேசலாம், அவர் எந்த மாதிரி நூல்களைப் போடுகிறார் என்று அலமாரியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 2022 நவம்பரில் திருநெல்வேலியில் அரசு நடத்திய பொருநை இலக்கியத் திருவிழா போன்றவையும் இந்த வகைதான். எழுத்தாளர்கள் மேடையில், நாம் நாற்காலியில். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நம் பைக்குள் இருக்கும் கதையை எடுத்துக் காட்டினால் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. அது அவர்கள் குற்றமும் இல்லை.

தூரம் இன்னொரு சங்கதி. தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ போவதென்றால் இங்கிருந்து பஸ் மாறிப் போக வேண்டும். நல்ல நிகழ்ச்சியெல்லாம் இருட்டிய பிறகுதான். பேச்சாளர் சூடு பிடிக்கும் நேரத்தில் நாம் செருப்பைத் தேட வேண்டியிருக்கும். நூலகக் கூட்டம் ஞாயிறு காலை. டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் போகவர எனக்குச் செலவே இல்லை. மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்கள் ஒரு கூட்டத்துக்கு வருவதும் வராததும் பாதி இதில்தான் முடிவாகிறது. 'ஏன் பெண்கள் வருவதில்லை' என்று மேடையில் கவலைப்படுகிறவர்கள் அழைப்பிதழில் போட்டிருக்கும் நேரத்தை ஒருமுறை பார்க்கலாம்.

ஆனால் நான் மாதக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பஸ் இல்லை. அடுத்த மாதமும் அதே ஆட்கள் வருவார்கள் என்பதுதான்.

இது சாதாரணமாகத் தெரியலாம். கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி, தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வேலை செய்யும் பெண்ணைப் பற்றி ஒரு கதை வாசித்தான். கட்டை, அதாவது தீக்குச்சிகளை வரிசையாக வைக்கும் சட்டம், அடுக்கிக்கொண்டிருப்பவள் கையை நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியே வெளியே பார்த்து, பழைய காதலை நினைக்கிறாள். வாசித்து முடித்ததும் எல்லோரும் 'நல்லா இருக்கு' என்றார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு அக்கா மட்டும், "கட்டைக்குத்தான் தம்பி கூலி. கையை நிறுத்தினா கூலி எங்கேருந்து வரும்? நினைக்கிறதெல்லாம் அடுக்கிக்கிட்டேதான் நினைப்போம்" என்றார். அவர் சின்ன வயதில் அந்த வேலை பார்த்தவர். அடுத்த மாதம் தம்பி அதே கதையைத் திருத்திக் கொண்டுவந்தான். இப்போது பெண்ணின் கை நிற்கவில்லை. குச்சிகள் பள்ளத்தில் விழுகிற வேகத்திலேயே நினைவும் ஓடுகிறது. ஜன்னலே போய்விட்டது. அக்கா கேட்டுவிட்டு, "சரி, கணக்கப்பிள்ளை எங்கே? அந்தாளு இல்லாம ஆபீஸா?" என்றார். மூன்றாவது வடிவத்தில் கணக்கப்பிள்ளையும் வந்தார். கதை உண்மையில் அவர் வந்த பிறகுதான் கதையானது.

போன மாத வடிவம் நினைவில் இருக்கிற ஒருவர் இல்லாவிட்டால் இது நடக்காது. திருவிழாவில் கூட்டம் அதிகம், ஆனால் அது ஒருநாள் கூட்டம். போட்டியில் நடுவர் யாரென்றே தெரியாது. பரிசு வந்தால் பெயர் வரும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாரும் எழுதிச் சொல்லப் போவதில்லை. ஜூம் பயிலரங்கில் நல்ல ஆசிரியர்கள் கிடைக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நான் சேர்ந்ததில் கடைசி நாளோடு குழுவும் கலைந்துவிட்டது. மாதக் கூட்டத்தில், 'போன தடவை பாதியில் விட்டாயே, என்ன ஆச்சு?' என்று கேட்க ஆள் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் முடித்த கதைகள் உண்டு.

இதற்கும் பராமரிப்புச் செலவு இருக்கிறது. யாராவது ஒருவர் தேதியை நினைவுபடுத்த வேண்டும், டீக்கு வசூல் செய்ய வேண்டும், நூலகரிடம் இடம் கேட்க வேண்டும். அக்கறையுள்ள நூலகர் மாறுதலாகிப் போனால் கூட்டம் ஆட்டம் காணும். எழுத்தாளர் அமைப்புகளில் தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) 1975இல் தொடங்கியது, கலை இலக்கியப் பெருமன்றம் 1961இல் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா தொடங்கியது. இத்தனை வருடம் தாங்குவதற்கு அமைப்பு என்ற முதுகெலும்பு ஒரு காரணம். அங்கே அரசியல் சார்பு உண்டு. ஒத்துப்போனால் கிளைக் கூட்டத்தையே பிடித்துக்கொள்ளலாம். எனக்குக் காலை நேரம் முக்கியமாகப் போய்விட்டதால் நூலகக் கூட்டத்தோடு நின்றுவிட்டேன்.

போட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டணம் கேட்காத போட்டிக்கு அனுப்பலாம், போனால் ஒரு மின்னஞ்சல்தானே. பணம் கட்டினால் கவிதையைத் தொகுப்பு நூலில் போட்டு, கூடவே சான்றிதழும் தருகிறோம் என்று வாட்சப்பில் வருகிறதே, அதைத் தள்ளிவிடுங்கள். அந்தக் காசுக்கு நல்ல சிறுகதைத் தொகுப்பு ஒன்று வாங்கலாம். 35 வயதுக்குள் இருந்து, புத்தகமும் வந்துவிட்டதென்றால் சாகித்ய அகாடமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருது இருக்கிறது, 50,000 ரூபாய். நூல் வெளியிடப் பணம் இல்லாதவர்கள் தமிழ் வளர்ச்சித் துறையின் நிதியுதவித் திட்டத்தை விசாரிக்கலாம்.

நான் சொல்வதெல்லாம் சிறுகதைக்குத்தான். கவிதைக்கு இதே கூட்டம் உதவுமா என்பதில் எனக்கே சந்தேகம். எங்கள் கூட்டத்தில் கவிதை வாசித்தால் கைதட்டலோடு முடிந்துவிடுகிறது, யாரும் ஒரு சொல்லைப் பிடித்து இழுப்பதில்லை. நாவல் எழுதுகிறவர்கள் எங்களிடம் இல்லை. மாதம் ஓர் அத்தியாயம் வாசித்தால் எத்தனை பேர் கதையை நினைவில் வைத்திருப்பார்கள் என்றும் தெரியவில்லை. தங்கியிருந்து எழுதும் முகாம்களுக்கு நான் போனதில்லை. போய்வந்த தோழி ஒருத்தி நல்லபடியாகத்தான் சொல்கிறாள்.

உங்கள் பக்கத்து டவுனில் கூட்டமே இல்லையென்றால் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று பெயரளவிலாவது இருக்கும். வெள்ளிக்கிழமை வார விடுமுறை, அன்றைக்குப் போய்விடாதீர்கள். நாலு பேர் சேர்ந்தால் போதும். வருகிறவர்களில் ஒருவராவது எழுதாமல் வாசிக்க மட்டும் செய்கிறவராக இருந்தால் நல்லது. எழுதுகிறவர்கள் மட்டும் கூடினால் ஆளுக்கு ஆள் தன் முறைக்குக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும்.