சொல் நிகழ்வெண் பட்டியல்: எந்த உரிமம் கைகொடுக்கும்?

யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த அகராதியில் சொல் நிகழ்வெண் பட்டியலை, அதாவது எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற கணக்கை, சேர்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எண்ணிக்கைக்கெல்லாம் பதிப்புரிமை உண்டா?" என்பதுதான். அமெரிக்காவில் 1991-இல் வந்த ஃபைஸ்ட் தீர்ப்பு பாதி பதில் சொல்லிவிட்டது. தொலைபேசிக் கையேட்டைப் பற்றிய வழக்கு அது. உழைத்துத் தொகுத்தேன் என்பது மட்டும் போதாது; தெரிவிலோ அடுக்கிய விதத்திலோ கொஞ்சமாவது படைப்பு இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்பது வெறும் தகவல்.

மீதிப் பாதி பட்டியலைப் பொறுத்தது. கணினி எண்ணித் தள்ளியது ஒரு வகை. வந்தான், வந்தாள், வருகிறேன் எல்லாவற்றையும் 'வா'வின் கீழே சேர்த்து, ஆள்பெயர்களை நீக்கி, பெயர்ச்சொல்லான 'படி'யையும் வினையான 'படி'யையும் பிரித்து வைத்தது இன்னொரு வகை. இதில் வரிக்கு வரி யாரோ உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். உரிமை கோர இடமுண்டு. ஐரோப்பாவிலோ முதல் வகையையே சும்மா எடுத்துவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996-ஆம் ஆண்டுத் தரவுத்தள நெறிமுறை, கணிசமாக முதலிட்டுத் திரட்டிய தொகுப்புக்கு, பதிப்புரிமை போக, 15 ஆண்டுக்குத் தனியே ஓர் உரிமை தருகிறது.

சரி, உரிமங்களுக்கு வருவோம். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ், படைப்புகளைப் பகிர்வதற்கான ஆயத்த உரிமங்களின் வரிசை. உண்மையான போட்டி அதிலுள்ள சிசி ஜீரோவுக்கும் சிசி பை-எஸ்ஏவுக்கும்தான்.

சிசி ஜீரோ எல்லா உரிமையையும் விட்டுக்கொடுப்பது. விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுத்தளமான விக்கித்தரவின் சொல் உள்ளீடுகள் இதன்கீழ்தான் உள்ளன. யாரும் எதனோடும் கலக்கலாம். பெயர் போடும்படி சட்டப்படி கேட்க முடியாது. பை-எஸ்ஏ, பெயரையும் போடு, மாற்றியதையும் இதே உரிமத்தில் வெளியிடு என்கிறது. விக்கிப்பீடியாவின் சகோதர அகராதியான விக்சனரி இதில் இருக்கிறது. பல மொழிகளின் சொல் நிகழ்வெண்களைத் தரும் வேர்ட்ஃப்ரீக் தொகுப்பின் தரவும் இதில்தான் வந்தது. சிசி ஜீரோ பட்டியல் விக்சனரிக்குள் தாராளமாகப் போகும். பை-எஸ்ஏ பட்டியல் விக்கித்தரவுக்குள் போகாது. ஒருவழிப் பாதை.

ஒருவர் பை-எஸ்ஏ பட்டியலைப் பார்த்து, தன் செயலியில் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம் என்று குறிக்கிறார் என்று வையுங்கள். அது பட்டியலை மாற்றி உருவாக்கிய தழுவல் படைப்பா, வெறும் தகவலை எடுத்தாண்டதா? உரிமையே இல்லாத இடத்தில் உரிமமும் கட்டுப்படுத்தாது. வெறும் எண்ணிக்கைக்கு பை-எஸ்ஏ போட்டால் பல நாடுகளில் அது வேண்டுகோளாகவே நிற்கும். அதனால் கணினி எண்ணியதற்கு சிசி ஜீரோவே போதும் என்பேன். கையால் திருத்தியதற்கு பை-எஸ்ஏ, அதுவும் 4.0 பதிப்பு, 2013-இல் வந்த அது தரவுத்தள உரிமையையும் சேர்த்தே பேசுகிறது.

பெயரை மட்டும் போடச் சொல்லும் சிசி பை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கூகுள் புக்ஸின் என்-கிராம் தரவு, அதாவது நூல்களில் சொற்களும் சொற்றொடர்களும் எத்தனை முறை வந்தன என்ற கணக்கு, இதில் இருக்கிறது. ஓடிபிஎல் என்ற இன்னோர் உரிமம் தரவுத்தளங்களுக்கென்றே எழுதப்பட்டது. திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012-இல் அதற்கு மாறியது. ஆனால் விக்சனரியின் உரிமத்தோடு ஓடிபிஎல் ஒத்துப்போகாது.

வணிகத்துக்குத் தடை போடும் என்சி உரிமம் மட்டும் வேண்டாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் விக்சனரி அதை ஏற்காது, கட்டற்ற மென்பொருள் தொகுப்புகளும் பொதுவாக ஒதுக்கிவிடும். விளம்பரம் ஓடும் இலவச அகராதிச் செயலி வணிகமா என்ற வாக்குவாதம் வேறு.

அப்புறம் ஒன்று. கணக்குத் தொடங்கி, நிபந்தனைகளுக்கு 'சரி' சொன்ன பிறகே பட்டியலைத் தரும் தளங்கள் உண்டு. அங்கே பதிப்புரிமை இல்லாவிட்டாலும் ஒப்பந்தம் உங்களைக் கட்டும். அப்படி எடுத்ததை சிசி ஜீரோவில் மறுபடி வெளியிட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதை அந்த நிபந்தனைகளில்தான் தேட வேண்டும்.