பார்ட்னர் விசா: “எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று சொன்ன ஏஜென்ட்

ஆஸ்திரேலிய பார்ட்னர் விசாவுக்கு ஏஜென்ட் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் இங்கே சிட்டிசன், மனைவி ஊரில் இருக்கிறார். கல்யாணம் முடிந்து நான் மட்டும் திரும்பி வந்ததும் 309 விசாவுக்கு (வெளிநாட்டில் இருக்கும் கணவன் அல்லது மனைவிக்கான பார்ட்னர் விசா) விண்ணப்பிக்க முடிவு செய்தோம். தெரிந்தவர் ஒருவர் கைகாட்டிய ஆளிடம் போனேன். அரசுக் கட்டணமே 9,000 டாலருக்கு மேல். இவர் தனக்கென்று 2,500 டாலர் கேட்டார். “நீங்க போட்டோவும் பாஸ்போர்ட்டும் அனுப்புங்க சார், மீதி எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றார். வேலை மிச்சம் என்று நினைத்தேன். என் முட்டாள்தனம்.

இம்மி அக்கவுண்ட்டை, அதாவது விசாவுக்கு விண்ணப்பிக்கும் அரசின் ஆன்லைன் கணக்கை, அவருடைய மின்னஞ்சலிலேயே திறந்துகொண்டார். லாகின் கேட்டால், “நீங்க உள்ள போனா சிஸ்டம்ல குழப்பமாயிடும்” என்பார். நான்கு மாதம் அப்படியே ஓடியது. கட்டண ரசீதில் டிஆர்என் என்ற விண்ணப்பக் குறிப்பு எண் இருந்தது. அந்த எண்ணும் பாஸ்போர்ட் விவரமும் இருந்தால் நம் சொந்தக் கணக்கிலேயே விண்ணப்பத்தை இம்போர்ட் செய்து பார்க்கலாம் என்பது ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து திறந்து பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, என் மனைவி எழுதியதாக ஏற்றியிருந்த உறவு அறிக்கை. “நாங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் சந்தித்தோம்” என்று தொடங்கியது. எங்களுடையது வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம். நான் அவளை முதலில் பார்த்தது பெண் பார்க்கப் போன அன்று, பத்துப் பேருக்கு நடுவில். மூன்றாம் பத்தியில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒரு ஆணின் பெயர். இன்னொரு தம்பதிக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார், அதையும் முழுசாக மாற்றவில்லை.

போனில் கேட்டேன். துளிகூடப் பதறவில்லை. “அரேஞ்ச்டு மேரேஜ்னா ஆபீசர் நம்ப மாட்டாங்க சார், லவ்வுனு போட்டாத்தான் வெயிட்டு.” பச்சைப் பொய். கல்யாணம் எப்படி நடந்தது என்பதல்ல, உறவு உண்மையானதா, தொடர்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். பொய்த் தகவல் தந்தது தெரிந்தால் 4020 விதியில் விசாவை மறுத்து மூன்று வருடத் தடையும் போடலாம். அந்தத் தடை விழுவது என் மனைவியின் தலையில், அவர் தலையில் இல்லை. கட்டிய கட்டணமும் போனது போனதுதான்.

இன்னொரு கோபம், உண்மையான ஆதாரத்தை எல்லாம் குப்பையில் போட்டது. பணம், குடும்ப நடப்பு, உறவினர் நண்பர்கள் மத்தியில் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள், ஒருவருக்கொருவர் உள்ள உறுதி என்று நான்கு கோணத்தில் எடைபோடுகிறார்கள். மாதாமாதம் நான் அனுப்பிய பணத்துக்கு வங்கி ரசீது இருந்தது, தினசரி போன் பட்டியல் இருந்தது, அவளைப் பார்க்கப் போன விமான டிக்கெட் இருந்தது. ஒன்றுகூட ஏறவில்லை. ஏறியிருந்தது கல்யாண போட்டோ நாற்பதுக்கு மேல், அதிலும் பாதி மேடையில் யாரோ மொய்க் கவர் கொடுக்கும் படம்.

பெயர் விஷயத்திலும் சொதப்பல். திருமணச் சான்றிதழில் அவள் பெயருக்கு முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இருவரும் ஒருவரே என்று விளக்கி ஒரு தாள் வைத்தால் முடிந்தது. இவர் தமிழ்ச் சான்றிதழைத் தானே மொழிபெயர்த்து, அவள் பெயருக்குப் பின்னால் என் பெயரை ஒட்டிவிட்டிருக்கிறார். ஆக மூன்று ஆவணத்தில் மூன்று பெண்கள்! 888 படிவத்துக்கும், “ஆள் நான் ஏற்பாடு பண்றேன், தலைக்கு இருநூறு” என்றார். நம்மைத் தெரிந்தவர்கள் தர வேண்டிய சாட்சி அது. நல்லவேளை, அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் அவருடைய பதிவு எண்ணைத் தேடினேன். ஆஸ்திரேலியாவில் காசு வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்பவர், விசா ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஓமாராவில் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கறிஞராக இருக்க வேண்டும். பதிவானவருக்கு மார்ன் என்ற ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும், ஓமாரா தளத்தில் யாரும் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. அவர் விசிட்டிங் கார்டில் இருந்த எண் வேறு ஒருவருடையது. நம் சார்பில் பேச ஏஜென்ட்டை நியமிக்கும் 956 படிவத்தை அவர் ஏன் என்னிடம் கேட்கவே இல்லை என்பது அப்போது புரிந்தது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் இல்லவே இல்லை, எல்லாம் நாங்களே செய்தது.

பதிவில்லாமல் இதற்குக் காசு வாங்குவது பத்து வருடம் வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றம். பார்டர் வாட்ச் என்ற அரசின் புகார் சேவை வழியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். தொடர்பு மின்னஞ்சலை எங்களுடையதாக மாற்றினோம். பதிவுள்ள ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் பணம் கட்டி, தவறான தகவலைத் திருத்தும் 1023 படிவத்தை அனுப்பினோம். நாமாகவே முந்திக்கொண்டு சொல்வது நல்லது என்றார் அவர். முடிவு இன்னும் வரவில்லை. 2,500 டாலரைத் திருப்பிக் கேட்டேன், நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

புது அறிக்கையை என் மனைவியே உட்கார்ந்து எழுதினாள். அதில் ஒரு பக்கம், நான் போனை எடுக்காத நாட்களைப் பற்றி, தேதியோடு. அதை எடுத்துவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டாள். அப்படியே ஏற்றியிருக்கிறோம்.