ஹைப்போவா, பெராக்சைடா: பிளீச்சிங் பட்டறைக்கு எது பத்திரம்?

திருப்பூரிலும் ஈரோட்டிலும் துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறை நடத்துகிறவர்கள் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்), பெராக்சைடு (ஹைட்ரஜன் பெராக்சைடு) என்ற இரண்டு வெளுப்புக் கெமிக்கல்களை ஒப்பிட்டுப் பேசும்போது மூன்று கேள்விகள் கட்டாயம் வரும். கிலோ துணிக்கு என்ன செலவு அடங்கும், வெள்ளை எந்த அளவுக்கு எடுக்கும், துணி வாங்கும் பையர் ஒத்துக்கொள்வாரா. மூன்றும் கேட்க வேண்டியவைதான். நைட் ஷிஃப்டில் விடிய விடிய நின்ற ஒருவர் அசதியில் கேனை மாற்றி எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை முதல் கேள்வியே அதுதான். மனிதர் தவறு செய்யத்தான் செய்வார். அந்தத் தவறுக்கு எந்தக் கெமிக்கல் என்ன தண்டனை கொடுக்கிறது என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

ஹைப்போவின் பலம் எளிமை. 10 முதல் 12 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டாகக் கேனில் வந்து இறங்கும். காடாத் துணியை வெளுக்க இதற்குச் சூடு தேவையில்லை. பாய்லர் இல்லாமல் ஒன்றிரண்டு வின்ச்சை (துணியைச் சுற்றி ஓட்டும் இயந்திரம்) வைத்து ஜாப் ஒர்க் செய்கிற சின்னப் பட்டறைக்காரர் இதை விட முடியாமல் இருப்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் ஹைப்போ இருக்கும் பட்டறையில் ஆசிட்டும் இருக்கும். வெளுத்த துணியில் மிச்சமிருக்கும் காரத்தை எடுக்க ஆசிட் வாஷ் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ், பல இடங்களில் ஒரே மாதிரி கேன்களில், ஒரே சுவரோரம் நிற்கும். ஹைப்போவில் ஆசிட் கலந்தால் குளோரின் வாயு உடனே கிளம்பிவிடும். வாளியைக் கழுவாமல் அடுத்ததை ஊற்றினாலும் கிளம்பும். இரண்டு தொட்டியின் கழிவும் ஒரே சாக்கடையில் சேர்ந்தாலும் கிளம்பும். அந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து பள்ளத்திலும் வாய்க்காலிலும் தங்கும். குனிந்து துணி எடுப்பவர் முகத்துக்கு நேராக வரும். நம் பழைய தொழிற்சாலைகள் சட்ட அட்டவணையில் எட்டு மணி நேரச் சராசரியாக அனுமதித்திருந்த அளவு 1 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 10 பிபிஎம்மை எட்டினால் உயிருக்கே உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் வகுத்திருக்கிறது. ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவே அதிக தூரம் இல்லை.

"இருபது வருசமா இதே ஹைப்போதானுங்கண்ணா, வாசமெல்லாம் பழகிப்போச்சுங்க" என்று சொல்வார்கள். அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. மூக்கு பழகிவிட்டால் அளவு கூடியதை அது சொல்லாது. துணி மாஸ்க்கும், கொரோனா காலத்தில் வாங்கி வைத்த என்-95 மாஸ்க்கும் தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஆசிட் வாயுக்கான கார்ட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி வேண்டும். அதுகூட வெளியே தப்பி ஓடுவதற்குத்தான் உதவும். வாயு நிறைந்த இடத்துக்குள் போய் ஒருவரைத் தூக்கி வர வேண்டுமானால் முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிய ஆள்தான் போக வேண்டும். வாயு பட்டவர் எழுந்து உட்கார்ந்து டீ குடித்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் இதற்கு மாற்று ஆகாது. குணம் அதேதான், தூசித் தொல்லை மட்டும் கூடுதல்.

இனி பெராக்சைடு. பட்டறைக்கு வருவது பெரும்பாலும் 50 சதவீதச் சரக்கு. காஸ்டிக் சோடாவும், பெராக்சைடு சீக்கிரம் சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கெமிக்கலும் சேர்த்து 95 டிகிரிக்குப் பக்கத்தில் ஓட்ட வேண்டும். ஆகவே பாய்லர் வேண்டும், விறகுச் செலவு உண்டு, கொதிநீரால் சுடும் ஆபத்தும் உண்டு. வேலை முடிந்ததும் அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை நேராகச் சேர்க்காத வரை, ஆசிட் பட்டாலும் ஹைப்போவைப் போல் குளோரின் கிளம்பாது. நைட் ஷிஃப்ட் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அதனால் இது சாது என்று நினைத்துவிட வேண்டாம். பெராக்சைடுக்குப் பகை இரும்பும் செம்பும். துருப்பிடித்த வாளி, பித்தளைக் குழாய், கேனுக்குள் திருப்பி ஊற்றிய அழுக்கு மிச்சம், இவற்றில் எது பட்டாலும் வேகமாகச் சிதைந்து சூடேறும். 50 சதவீதச் சரக்கு ஒரு லிட்டர் முழுதாகச் சிதைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன் வரும். மூடியை இறுக்கிய கேனில் அவ்வளவு வாயுவுக்கு ஏது இடம்? கேன் வெடிக்கும். அதனால்தான் காற்றுத் துளை வைத்த மூடியோடு அனுப்புகிறார்கள். "சிந்துது" என்று அந்தத் துளையை அடைக்கிறவர்களைக் கட்டாயம் தடுக்க வேண்டும். கேனை வெயிலிலும் வைக்கக் கூடாது.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது, பனியன் வேஸ்ட் எனும் துண்டுத் துணிக் கழிவு. தரையில் எது சிந்தினாலும் கைக்கு முதலில் கிடைப்பது அதுதான். பெராக்சைடைத் துடைத்த பனியன் வேஸ்ட்டை மூலையில் போட்டால், காயக் காய அதில் சரக்கின் வீரியம் ஏறும். நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளலாம். சிந்தினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுவது ஒன்றே வழி. மரத்தூளும் ஆகாது. கண்ணில் பட்டால் 15 நிமிடம் விடாமல் தண்ணீர் விட வேண்டும். கண் கழுவும் குழாய் பத்தடிக்குள் இருக்க வேண்டும், பூட்டிய ஆபீஸ் ரூமுக்குள் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

பெராக்சைடின் பக்கம் ஒரு சாதகம் இருக்கிறது. டையிங் மாஸ்டர் ஏற்கெனவே இரும்புக்குப் பயந்தவர். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் பெராக்சைடு பாத்தில் (வெளுக்கும் கரைசலில்) துணி பொத்தலாகும் என்பது அவருக்குத் தெரியும். துணிக்காகப் பார்க்கும் அதே கவனத்தைக் கேனுக்கும் நீட்டிக்கச் சொன்னால் போதும். ஹைப்போ விஷயத்தில் துணிக்கான அக்கறையும் ஆளுக்கான அக்கறையும் இப்படி ஒன்று சேர்வதில்லை.

செலவுக் கணக்கும் முன்பு போல் இல்லை. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பதே நடைமுறையாகிவிட்டது. ஹைப்போ வேலை முடிந்ததும் உப்பாகத்தான் மாறும். அந்த உப்பைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆவியாக்கிப் பிரிக்க ஆகும் செலவையும் ஹைப்போவின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கோட்ஸ் எனும் ஆர்கானிக் துணிச் சான்று கேட்கும் ஏற்றுமதி ஆர்டருக்குக் குளோரின் வெளுப்பு ஆகவே ஆகாது.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த அத்தியாயம், ஆபத்தான பொருள் எது, அதனால் என்ன கேடு என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்றது. உடனடி ஆபத்து என்று பட்டால் எச்சரிக்கும் உரிமையையும் அவருக்குக் கொடுத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை தொடர்கிறது. ஆனால் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பது பழைய சட்டத்தில் பொதுவாக 1000 பேர் முதல். புதியதில் 500, ஆபத்தான செய்முறை என்றால் 250. நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அப்படி ஒருவர் வரப்போவதில்லை. அங்கே அந்தப் பொறுப்பு மாஸ்டர் தலையில்தான். ஆடிட்டுக்காக ஃபைலில் மாட்டிய எம்எஸ்டிஎஸ் எனும் கெமிக்கல் பாதுகாப்புத் தகவல் தாளால் அவருக்கு உதவி இல்லை. கேன் மேலே ஒட்டியிருப்பதுதான் உதவும். எடுத்து ஊற்றுகிறவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் என்றால் தமிழில் எழுதி ஒட்டுவது மட்டும் போதாது. ஒடியாவும் இந்தியும் வேண்டும், நிறப் பட்டையும் வேண்டும்.

என் தீர்ப்பு பெராக்சைடுக்குத்தான். பாய்லர் இருக்கும் எந்தப் பட்டறையும் ஹைப்போவைத் தொடர எனக்குக் காரணம் தெரியவில்லை. பாய்லர் போட முடியாதவர் ஆசிட்டை வேறு கொட்டகைக்கு மாற்ற வேண்டும், வாளியும் பம்பும் தனித்தனியாக வைக்க வேண்டும், இரண்டின் கழிவு வாய்க்காலையும் பிரிக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யாமல் ஹைப்போ ஓட்டுவது ஆட்களின் உயிரைப் பணயம் வைப்பது.

மாறுகிறவர்கள் மாறும் அந்தச் சில வாரங்களில்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். பழைய ஹைப்போ ஸ்டாக் ஒரு பக்கம், புதுப் பெராக்சைடு ஒரு பக்கம் என்று இருக்கும். இரண்டும் கலந்தால் ஆக்சிஜன் பொங்கிச் சூடேறும். ஹைப்போவை முழுதாக ஓட்டித் தீர்த்து, காலிக் கேன்களைச் சப்ளையரிடமே திருப்பி, லைனையும் தொட்டியையும் தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் முதல் பெராக்சைடு லோடை இறக்கச் சொல்ல வேண்டும். இடையில் இரண்டு நாள் பட்டறை சும்மா நின்றாலும் பரவாயில்லை.