தலைக்காயத்துக்கு மூளை ரத்த ஓட்ட ஸ்கேன்: எங்கள் அனுபவம்

இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்ட என் அண்ணனுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில், மூளைக்குள் ரத்தம் எப்படிப் பாய்கிறதென்று காட்டும் சிடி பெர்ஃபியூஷன் ஸ்கேன் எடுத்தார்கள். சேர்க்கும்போது, சுயநினைவை மதிப்பிடும் கிளாஸ்கோ கோமா அளவில் அவருக்கு 6 மதிப்பெண்தான். அது 8 அல்லது அதற்குக் கீழே என்றாலே கடுமையான காயம். முதல் நாள் சிடியில் இடது நெற்றிப் பக்கம் சிறு ரத்தக்கசிவுதான் தெரிந்தது. அந்தக் கசிவை மட்டும் வைத்து அவர் கண் திறக்காமல் கிடப்பதற்குக் காரணம் சொல்ல முடியாததால், மூன்றாம் நாள் மறு சிடிக்குக் கொண்டுபோனபோது இந்த ரத்த ஓட்ட ஸ்கேனையும் சேர்த்தே எடுத்தார்கள்.

ரத்தம் படத்தில் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தைக் கையின் ரத்தக்குழாயில் செலுத்தி, அது மூளைக்குள் நுழைந்து வெளியேறும் வரை ஏறத்தாழ ஒரு நிமிடம் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறார்கள். 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் பாய்வது இயல்பு. அது 20-க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலை செய்யாமல் நின்றுவிடும், 10-ஐ ஒட்டி நீடித்தால் மடிந்துபோகும். நரம்பியல் அறுவை மருத்துவர் திரையில் காட்டியபோது கசிவு கட்டைவிரல் நகத்தளவே இருந்தது. அதைச் சுற்றி ரத்தம் குறைந்த நீலப் பகுதியோ அதைவிடப் பல மடங்கு பரந்திருந்தது. மூச்சை வேகப்படுத்தினால் கரியமில வாயு குறைந்து ரத்தக்குழாய்கள் இன்னும் சுருங்கும் என்பதால் வென்டிலேட்டர் வேகத்தைக் கூட்டாமல், ரத்த அழுத்தத்தை மருந்தால் தாங்கிப் பிடிப்பதென்று அங்கேயே முடிவெடுத்தார். எனக்கு இந்த ஸ்கேனின் பயன் அந்த முடிவில்தான் தெரிந்தது.

வென்டிலேட்டரில் இருப்பவரை ஐசியூவிலிருந்து நகர்த்துவதுதான் இதில் பெரிய அபாயம். மருத்துவர் ஒருவரும் செவிலியர் இருவரும் உடன் வந்தார்கள். மேசைக்கு மாற்றும் வரை கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தவே இல்லை. கான்ட்ராஸ்ட் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதன் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் ரத்தத்தில் முன்கூட்டியே பார்த்துவிட்டார்கள். இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை, குடும்பத்தாரிடம் பேசியதில்தான். எழுத்து ரிப்போர்ட் வருவதற்கு முன்பே ஸ்கேன் படங்கள் அடங்கிய ஒரு குறுந்தகட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். நீலத்தைப் பார்த்த அண்ணி அந்தப் பகுதி முழுவதும் செத்துவிட்டதென்றே நினைத்து இரவெல்லாம் அழுதார். அது படமெடுத்த அந்த நிமிடத்து ஓட்டம் மட்டுமே, பிழைப்பாரா எழுந்து நடப்பாரா என்பதை இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று மருத்துவர் மறுநாள் காலை பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கத்தை முந்தைய நாளே, அண்ணியின் கையில் படத்தைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.