பேஸ்64 கட்டளை: வரிமுறிவுக்கு இசைவு, இடைவெளிக்குத் தடை

திருப்பூர் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களில், பையர்களோடு (கொள்முதல் செய்வோரோடு) பரிமாறும் ஆர்டர் கோப்புகளுக்குள் லேபிள் படங்கள் பேஸ்64 எழுத்துகளாக, அதாவது தரவை வெறும் எழுத்துகளாக மாற்றி எழுதும் முறையில், பொதிந்து வருவதுண்டு. அவற்றைத் திரும்பப் படமாக்க, லினக்ஸில் குனு கோர்யூட்டில்ஸ் என்னும் அடிப்படைக் கட்டளைத் தொகுப்போடு வரும் பேஸ்64 கட்டளையையே எங்கள் கணினிப் பிரிவில் பயன்படுத்துகிறோம். விலையில்லாதது, வேகத்திலும் குறையில்லை. பேச வேண்டியது வெற்றிடங்களை அது நடத்தும் விதத்தைத்தான்.

என்கோட் செய்யும்போது (தரவை எழுத்தாக்கும்போது) இது 76 எழுத்துக்கு ஒரு முறை வரியை முறிக்கிறது. மின்னஞ்சலுக்கான மைம் தரம் வகுத்த வரம்பு அது. ஆகவே டிகோட் செய்யும்போதும் (எழுத்தைத் திரும்பத் தரவாக்கும்போதும்) வரிமுறிவுகளைப் பொருட்படுத்தாமல் தாண்டிச் செல்கிறது. ஆனால் ஓர் இடைவெளியோ, டேபோ, விண்டோஸ் கோப்புகளின் வரி இறுதியில் ஒட்டிக்கொண்டு வரும் கேரியேஜ் ரிட்டர்னோ எதிர்ப்பட்டால், உள்ளீடு செல்லாது என்று கூறி நின்றுவிடுகிறது. எந்த வரியில் என்பதைச் சொல்வதில்லை. என் முதல் குறை இதுவே. போதாக்குறைக்கு, அதுவரை டிகோட் செய்ததை எழுதிவிட்டே நிற்பதால், ஜேபெக் படத்தின் மேற்பாதியில் பிராண்டு பெயர் பளிச்சென்றும், சலவைக் குறிகள் இருக்க வேண்டிய கீழ்ப்பாதி வெறும் சாம்பல் பட்டையாகவும் வரக்கூடும். சிறிய முன்னோட்டத்தில் பார்ப்பவர் சரியென்றே அச்சுக்கு அனுப்பிவிடுவார்.

இதற்கு மாற்றாக, பேஸ்64இல் சேராத எழுத்துகளைக் குப்பையெனத் தள்ளிவிட்டுத் தொடரும் இக்னோர்-கார்பேஜ் என்னும் தெரிவு உண்டு. அதைப் பழக்கமாக்கிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. பேஸ்64 எழுத்துகளுள் '+' குறியும் ஒன்று. உரிய முறையில் மாற்றி எழுதாமல் இணையப் படிவம் வழியே அனுப்பினால், பெறும் பக்கத்தில் அது இடைவெளியாகிவிடும். அந்த இடைவெளி குப்பையன்று, தரவு. ஓர் எழுத்து 6 பிட்டைச் சுமப்பதால், அதைத் தள்ளிவிட்டால் பின்வருவன யாவும் 6 பிட் நகர்ந்து பாழாகும். இடைவெளியைக் கண்டு நிற்பது, எரிச்சலூட்டினாலும், சரியான நடத்தையே. பேஸ்64 முறையை வரையறுத்து 2006இல் வெளியான இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 4648உம், தனி விதி இல்லாத இடத்தில் அன்னிய எழுத்துகளை மறுக்கவே சொல்கிறது. பைத்தான் நிரல்மொழியின் பி64டிகோட், வேலிடேட் (சரிபார்) என்று கேட்காதவரை, அவற்றைச் சத்தமில்லாமல் வீசிவிடும். ஜாவா நிரல்மொழியின் அடிப்படை டிகோடரோ வரிமுறிவைக்கூட ஏற்காது, அதற்கு மைம் டிகோடரைத் தனியே அழைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் இக்கட்டளையே எங்கள் வேலைக்குப் பொருந்துகிறது.

கோவையிலோ ஈரோட்டிலோ இதே வேலையைச் செய்வோர், கேரியேஜ் ரிட்டர்னை மட்டும், எழுத்துகளை மாற்றவும் நீக்கவும் உதவும் டிஆர் கட்டளையால் நீக்கிவிட்டு இதனிடம் கொடுக்கலாம். அதன் பிறகும் மறுத்தால், கோப்பை மீண்டும் அனுப்பச் சொல்லிக் கேட்பதே நல்லது.