மரக் கம்பத்துக்கு ரெசி டிரில்: வாங்கலாமா?

ரெசி டிரில் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கூட வேலை பார்த்த நண்பர் கேட்டார். மரத்துக்குள் மெல்லிய ஊசியைத் துளைத்துச் செலுத்தி, மரம் எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மழைப்பக்கத்தில் மின்கம்பம் சோதிப்பது என் வேலை. சில வருடங்களாக இந்தக் கருவியோடுதான் அலைகிறேன்.

இங்கே டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரக் கம்பங்கள் அதிகம். அதில் மக்காமலிருக்க ஏற்றும் மருந்து வெளிப்பக்க வெள்ளை மரத்தில்தான் ஏறும், நடுவிலிருக்கும் வைர மரத்துக்குள் போகாது. கம்பம் காய்ந்து வெடித்தால் ஈரமும் பூஞ்சையும் அந்த வழியே நுழைந்து நடுவில் பொந்தாக்கிவிடும். சுத்தியலால் தட்டினால் சந்தேகம் வரும், அளவு தெரியாது. ரெசியில் தெரியும். ஊசி உள்ளே போகப் போக ஆண்டு வளையங்கள் பல் பல்லாகத் திரையில் ஓடும், மக்கிய இடம் வந்ததும் கோடு தடாலென்று விழும். அதைப் பார்த்து நான் சொக்கிப்போனேன்.

ஆனால் அந்த ஊசி! முனை 3 மில்லிமீட்டர், தண்டு 1.5. துளைத்த தூள் வெளியே வராமல் தண்டைச் சுற்றியே அடைகிறது. ஆழம் கூடக் கூட உராய்வும் கூடி, கோடு தானாக ஏறுகிறது. ஊசி கடைசியில் போய்ச் சேரும் எதிர்ப்பக்கத்து மரம் உள்ளதைவிட உறுதியாகத் தெரியும். முனை மழுங்கினால் இன்னும் மோசம், கணுவில் பட்டால் பாதையே மாறும். சர்வீஸுக்கு அனுப்பி, புது ஊசியும் மாட்டியாயிற்று, அதே கதைதான். தள்ளுவிசையைத் தனிக் கோடாகக் காட்டும் புது மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு, அதையும் சொல்ல வேண்டும். எங்களுடையது பழையது.

கணக்கையும் பாருங்கள். 12 அங்குலக் கம்பத்தில் நடு முழுக்கப் போய் 2 அங்குல ஓடு மட்டும் மிஞ்சினாலும், வளைவைத் தாங்கும் பலம் 80 சதவீதம் இருக்கும். வெளியே சுற்றிலும் ஒரே ஒரு அங்குலம் மக்கினால் 58 சதவீதம்தான். அதனால் அடிமண்ணைத் தோண்டிச் சுரண்டிப் பார்க்காமல் தீராது. அதற்கு மண்வெட்டி போதும். உள்ளே மக்கல் இருந்தால் பூஞ்சையைக் கொல்லும் போரான் மருந்துக் குச்சி செருக எப்படியும் விரல் தடிமனில் துளை போடுகிறோம். அதில் வெளிர் சுருளாக வந்தால் நல்ல மரம், பழுப்பு மாவாக வந்தால் மக்கல்.

வாங்காதீர்கள். அந்தக் காசுக்குத் தோண்ட இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கியே தீருவேன் என்றால் ஊசிகளை நிறைய வாங்கி வையுங்கள், ஒவ்வொரு கம்பத்தையும் எதிரெதிர்ப் பக்கமிருந்து இரண்டு தரம் துளையுங்கள்.