ஸ்லீவா, பைபாஸா? பைபாஸ் செய்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

எடை குறைப்பு ஆபரேஷன் என்று முடிவு செய்தவர்கள் அடுத்து கேட்பது, "எதில் அதிகம் குறையும்?" என்றுதான். ஸ்லீவ், பைபாஸ் இரண்டும் இரைப்பையில் செய்யும் ஆபரேஷன்கள்; இதய பைபாஸ் வேறு. எனக்கு இந்த பைபாஸ் முடிந்து ஐந்து ஆண்டுகள் தாண்டிவிட்டன. என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டா?

நாகர்கோவிலில் முதலில் பார்த்த இடத்தில் ஸ்லீவ்தான் சொன்னார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக விடுவார்கள். குடலில் கை வைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் சேர்ந்து போவதால் பசி அடங்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பல வருடமாக எதுக்களிப்பு. ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் சாப்பிட்டுப் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை வரும். இன்சுலினும் போட்டுக்கொண்டிருந்தேன். வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி என்ற பேச்சே அங்கே எடுக்கவில்லை.

மனம் ஒப்பாமல் திருவனந்தபுரத்தில் இன்னொரு டாக்டரைப் பார்த்தோம். அவர் முதலில் செய்ததே எண்டோஸ்கோப்பிதான். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புண், கூடவே ஹயாட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது. ஸ்லீவ் செய்தால் ஒடுங்கிய குழாய்க்குள் அழுத்தம் கூடும், அமிலம் இன்னும் மேலே ஏறும் என்று படம் வரைந்து காட்டினார். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். அமிலம் சுரக்கும் பெரும்பகுதி சாப்பாட்டு வழியிலிருந்து விலகிவிடுகிறது. பின்லாந்தில் 240 பேரை இரண்டு பிரிவாக்கிப் பத்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. எடை குறைந்ததில் பைபாஸ் ஓரளவு முன்னால் இருந்தது. உணவுக்குழாய்ப் புண்ணில்தான் பெரிய வித்தியாசம்: ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். குடலை ஒரே இடத்தில் மட்டும் இணைக்கும் மினி பைபாஸ் பற்றியும் கேட்டேன். அதில் பித்தநீர் மேலே ஏற வாய்ப்பு உண்டு என்பதால் என் புண்ணுக்கு வேண்டாம் என்றார்.

"வயித்தை அறுத்துதான் மெலியணுமா மக்களே?" என்று மாமியார் அழுதார். அவருக்கும் அதே படத்தைக் காட்டித்தான் புரியவைத்தோம்.

நல்லதைச் சொல்கிறேன். எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே சர்க்கரை இறங்கியது. சில வாரங்களில் டாக்டர் இன்சுலினை நிறுத்தினார். தலையணையை அடுக்காமல் படுக்கிறேன். பகவதியம்மன் கோயில் கடற்கரையில் மூச்சு வாங்காமல் நடக்கிறேன். கடைசியாக எடுத்த எண்டோஸ்கோப்பியில் புண் ஆறியிருந்தது. எல்லாவற்றையும் விட எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பைபாஸ் செய்தவர்களுக்கு இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் வாழ்நாள் முழுக்க வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். மாதவிலக்கு நிற்காத பெண்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரை போட்டும் இரும்பு குறைந்து எனக்கு ஊசி வழியாக ஏற்றினார்கள். மூன்று, நான்கு மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டியது, பிறகு வளர்ந்தது. தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். நம் ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை, அதனால் எனக்கு அது சிரமமாக இல்லை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

அப்புறம் நம் ஊர்க் கல்யாணம். அடைப்பிரதமனில் பழமும் பப்படமும் பிசைந்து சாப்பிடுவதை இங்கே யார் விடுவார்கள்? பைபாஸ்காரர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கி, உட்கார இடம் தேட வைத்துவிடும். டம்பிங் என்பார்கள். எனக்கு இரண்டு கரண்டிதான் கணக்கு, அதுவும் கடைசியில். பரிமாறுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருடத்துக்குப் பிறகு எடை கொஞ்சம் திரும்பவும் ஏறியது. பலருக்கும் அப்படி ஏறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

ஸ்லீவ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சின்னம்மா மகள் தக்கலையில் இருக்கிறாள். அவளுக்கு எதுக்களிப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஸ்லீவ்தான் செய்தாள், நன்றாக இருக்கிறாள், என்னை விட மாத்திரையும் குறைவு. மூட்டு வாதத்துக்குத் தொடர்ந்து வலி மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஸ்லீவ் பொருத்தமாக இருக்கலாம். பைபாஸுக்குப் பிறகு ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளால் இணைப்பில் புண் வரும். புகைபிடித்தாலும் அதே ஆபத்து. பல்வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குவதாக இருந்தாலும், "எனக்கு கேஸ்ட்ரிக் பைபாஸ் ஆகியிருக்கிறது" என்று சொல்லித்தான் வாங்குகிறேன்.

பணத்தைப் பற்றி ஒன்று. மருத்துவக் காப்பீட்டில் இதற்கு இடம் உண்டு: பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), இதய நோய் போல ஏதாவது இருக்க வேண்டும். பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள்.